ஏழூட்டுப் புதூர் வரைக்கும் மழை வந்தாச்சு

அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள் பதினைந்து பேர். பலகை தள்ளுகிற பெண்கள் பதினான்கு. அதில் என் அம்மாவும் ஒருத்தி. பதினைந்தாவது ஆள் நான். எடைமேடையைப் பூட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏறி நின்றிருந்தேன். முதலாளி ஏலத்துக்காகச் சேலம் போயிருந்தார். களத்தக்கா இல்லை. பதினோரு வருஷத்தில் பங்குனி மாதம் ஒரு மத்தியானம்கூடக் களத்தை விட்டு நகராத அக்கா அன்றைக்குத்தான் முதல்முதலாக இல்லை.

அக்காவுக்குப் பேர் இருந்தது. கூலிச் சீட்டில் நானே வாராவாரம் எழுதியிருக்கிறேன். ஆனால் முதலாளியிலிருந்து லாரிக் கிளீனர் வரை யாரும் அந்தப் பேரால் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் களத்தக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எருமப்பட்டியிலிருந்து மலைப் பக்கமாகப் போகிற சாலையில் இருந்தது எங்கள் சேகோ மில். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்துப் பாலெடுத்து, அதைத் தெளியவைத்து, அடியில் படிகிற மாவைக் குலுக்கி முத்தாக்கி, சூட்டில் வறுத்தால் ஜவ்வரிசி ஆகிவிடும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆகாது. அதற்கப்புறம் சிமெண்டுக் களத்தில் கொட்டி, மரப்பலகையால் தள்ளித் தள்ளிப் புரட்டி, வெயிலில் காயவைக்க வேண்டும். அங்கேதான் பிழைப்பே இருக்கிறது. மாசிப் பனி விலகியதும் வருகிற வெயில் மாதிரி சேகோவைக் காயவைக்கிற வெயில் வருஷத்தில் வேறு கிடையாது. அதே பருவத்தில்தான் மத்தியானம் ஒரு மணி வரை கண்ணைக் கூசவைக்கிற வானம், இரண்டு மணிக்குக் கொல்லிமலை மேல் கறுத்து, இரண்டரைக்கு எங்கள் தலையில் கொட்டும். சில நாள் கல்லுமழையும் சேர்ந்து விழும். அரை மணி நேரம்தான். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். அதற்குள் களத்தில் கிடந்தது பாலாகிச் சாக்கடையில் போயிருக்கும்.

களம் முழுவதையும் கூட்டிக் குவித்து, படுதா போட்டு மூட இருபது நிமிஷம் வேண்டும். அந்த இருபது நிமிஷத்தை முன்கூட்டியே பிடித்துக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. கூலிச் சீட்டில் அதற்கென்று தனியாக ஒன்றும் இல்லை. அவரும் மற்றவர்களோடு பலகை தள்ளுகிறவர்தான். ஆனால் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறித் தொட்டி மேல் உட்கார்ந்துவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய் முடித்த முதல் ஆள் நான். கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, அம்மா பலகை தள்ளுகிற அதே மில்லில் கிழங்கு லாரிகளை எடை போடுகிற வேலைக்கு வந்திருந்தேன். சட்டைப் பையில் பேனா இருந்தது. வெயில் தலையைப் பிளந்துகொண்டிருந்தது. திடீரென்று தொட்டி மேலிருந்து ஒரு குரல்.

"கரடிமடை போச்சு!"

யாரும் நிமிரக்கூட இல்லை. பலகைகள் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குரல்.

"ஏழூடு போச்சு!"

இப்போது பெண்கள் துண்டைத் தலையில் இறுக்கினார்கள். விரித்ததைக் குவிக்க ஆரம்பித்தார்கள். பதற்றமில்லை. ஒருத்தி மற்றொருத்தியைக் கேலி பேசிக்கொண்டேதான் குவித்தாள். வானத்தைப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லை.

"செங்காடு! செங்காடு போச்சு! மூடுங்கடி!"

அவ்வளவுதான், ஓட்டம். படுதாவை இழுத்து, ஓரத்தில் கல் வைத்து, கடைசிக் கல்லை அம்மா வைத்துவிட்டு நிமிரவும் முதல் சொட்டு அவள் முதுகில் விழவும் சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். "கரடிமடை, ஏழூடு, செங்காடுன்னா என்னம்மா?"

"ஊரு."

"எங்க இருக்கு?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"ஊரு இல்ல சாமி. முன்ன இருந்துச்சு." பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன். மூன்றுமே புதூர்கள். கரடிமடைப் புதூர், ஏழூட்டுப் புதூர், செங்காட்டுப் புதூர். எங்கள் பக்கத்தில் காடு திருத்தி உண்டாக்கிய ஊருக்கெல்லாம் புதூர் என்றுதான் பேர். ஆற்றுப் பக்கத்தில் பாகம் பிரித்ததில் நிலம் பத்தாமல் போனவர்கள், கட்டை வண்டியில் பெண்டு பிள்ளைகளையும் கோழிக்கூண்டையும் ஏற்றிக்கொண்டு இந்த மேட்டுக்கு வந்தார்கள். முள்ளை வெட்டினார்கள், கல்லைப் பொறுக்கினார்கள், கடப்பாரையால் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் கண்ட இடத்தில் ஊர். ஏழு வீடு எழும்பியதும் ஏழூட்டுப் புதூர் ஆயிற்று. அப்புறம் வீடு முப்பது ஆனபோதும் பேர் மாறவில்லை. இரண்டு தலைமுறைதான் தாக்குப் பிடித்தது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு இறங்க இறங்கக் கைக்கிணறுகள் வற்றின. ஒரு வீடு கிணறு துளைக்கிற ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போயிற்று. ஒரு வீடு திருப்பூருக்கு. ஓடுகளைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். சுவர் மழையில் கரைந்தது. எங்கள் மில்லுக்கும் மலைக்கும் நடுவே இப்போது சீமைக்கருவேலமும் ஆடுகளும்தான்.

ஆனால் மரங்கள் நின்றன. கரடிமடையில் இரட்டைப் பனை. ஏழூட்டில் அம்மன் கல்லுக்கு மேலே ஒரு பெரிய வேம்பு. செங்காட்டில் மரம்கூட இல்லை. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கிணற்றின் இரண்டு கல்தூண்கள் மட்டும். தொட்டி மேலிருந்து பார்த்தால் மூன்றும் மலையைப் பார்க்க ஏறக்குறைய ஒரே வரிசையில் தெரியும். மலையிலிருந்து இறங்குகிற மழை முதலில் பனையை விழுங்கும், பிறகு வேம்பை, கடைசியில் தூண்களை. விழுங்க விழுங்க அக்கா பேர் சொல்வார்.

"ஒருதரம் போன ஊரு, வருசா வருசம் இன்னும் எத்தனை தரம்தான் போகும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள் பலகை தள்ளுகிற ஒருத்தி.

"போறதுக்கு அங்க என்னமோ இருக்குதுன்னுதான அர்த்தம்? உன்ற ஊருக்கு அதுவும் இல்ல" என்பார் அக்கா.

அவர் பேச்சில் அந்த ஊர்கள் போகவே இல்லை. கிழங்கு லாரி தாமதமாக வந்தால், "கரடிமடைப் பள்ளத்துல வண்டி நொடிச்சிருக்கும்" என்பார். லாரி வருவது தார்ச் சாலையில். ஆடு காணாமல் போனால், "செங்காட்டுக் கெணத்தடியில போய்ப் பாரு" என்பார், அங்கேதான் இருக்கும். ஒரு லாரி டிரைவர் அவரைச் சீண்டுவதற்கென்றே எடை போட வருவான்.

"ஏனுங்க்கா, ஏழூட்டுல இன்னைக்குச் சந்தைங்களா?"

"ஆமா சாமி. லாரிய ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனையெல்லாம் வெலைக்கு வெச்சிருக்காங்க. ஒருத்தரும் கேக்கலையாம்."

களமே சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பான். அன்றைக்கென்று சுவரில் இடிக்கும்.

ஒருமுறை பேங்கில் கணக்குத் தொடங்க அவருக்காக நான் படிவம் நிரப்பினேன். சொந்த ஊர் என்ற இடத்தில் எருமப்பட்டி என்று எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழூட்டுப் புதூருன்னு எழுது."

"அக்கா, அப்படி ஒரு ஊரு லிஸ்ட்லயே இல்லீங்க. திருப்பி அனுப்பிருவாங்க."

"ஊரு இல்லைங்கறது அவங்க சொல்றது. மழை இன்னமும் அந்த வழியாத்தான வருது?"

எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அதையே எழுதச் சொன்னார். மூன்றாம் தடவை அவருக்குத் தெரியாமல் நான் எருமப்பட்டி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பாஸ்புக் வந்ததும் எடுத்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின் நீளத்தைப் பார்த்திருப்பார் போல. "பேரு சின்னதா இருக்குதே சாமி" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

பங்குனிக் காற்றில் வேப்பம்பூ பறந்து வந்து சேகோ மேல் விழும். வெள்ளை மேல் வெள்ளை. கண்டுபிடித்துப் பொறுக்குவது பெரிய பாடு. பூ கலந்தால் விலை குறையும் என்பதால் முதலாளி களத்தின் மேற்கு மூலையில் இருந்த வேம்பை வெட்டவே வெட்டிவிட்டார். அதற்கப்புறமும் பூ வந்தது. பொறுக்கிய பூவில் ஒரு சிட்டிகையை அக்கா முந்தானை முடிச்சில் முடிந்துகொள்வார்.

"எதுக்குங்க்கா?"

"எங்கூரு வேம்பு. ரசத்துல போட."

"மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்குதுங்க்கா. அங்கிருந்து பூ பறந்து வருமா?"

"காத்து வருதா இல்லையா? அப்புறம்?"

இயற்பியல் படித்த எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

நான் செய்தது வேறு. ஒரு நோட்டு போட்டேன். அக்கா கத்துகிற நேரத்தையும் மழை விழுகிற நேரத்தையும் இரண்டு பங்குனி, இரண்டு சித்திரை எழுதினேன். பனை மறைந்து நாற்பது நிமிஷம், வேம்பு மறைந்து இருபத்தைந்து, தூண் மறைந்து பத்து. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பெரும்பாலும் தப்பாது. போனில் மழைப் படம் காட்டுகிற செயலியைவிட இது சரியாக இருந்தது. அம்மாவுக்கு அந்த நோட்டு பெருமை. "எம்பையன் மழைய எழுதறான்" என்று சொல்லித் திரிந்தாள்.

அக்கா நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்டார். "மழைக்கு எதுக்கு சாமி ஜாதகம் எழுதற? பொண்ணு பாக்கவா போறோம்?"

மூன்றாம் வருஷம் மாசிக் கடைசியில் ஒரு சேதி வந்தது. ஏழூட்டுப் புதூர் அம்மனுக்கு வருஷா வருஷம் பங்குனியில் ஒரு புதன்கிழமை பொங்கல் வைப்பார்கள். வீடு இல்லாத ஊருக்குப் பொங்கல் வைக்கத் திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள். காலையில் வந்து, வேம்படியில் அடுப்புக் கூட்டி, பொங்கி, சாயங்காலம் போய்விடுவார்கள். மில் வேலைக்கு வந்ததிலிருந்து அக்கா ஒருமுறையும் போனதில்லை. பொங்கல் விழுவது மழை விழுகிற வாரத்தில். களத்தை யார் பார்ப்பது? மகளின் குழந்தைக்கு ஆத்தூரில் காது குத்தியபோதும் பங்குனிதான். காலை பஸ்ஸில் போய், தோடு மாட்டியதைப் பார்த்துவிட்டு, பந்தியில் உட்காராமல் மத்தியானத்துக்குள் தொட்டி மேல் வந்து உட்கார்ந்தவர் அவர்.

அந்த வருஷச் சேதி, வேம்பு நிற்கிற நிலத்தை யாரோ வெளியூர்க்காரர் வாங்கிவிட்டார் என்பது. இந்தப் பொங்கல் வரைக்கும் விட்டுக்கொடுப்பாராம். அதற்கப்புறம் கம்பிவேலி. அம்மன் கல்லைப் பெயர்த்துத் தார்ச் சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அக்கா யாரிடமும் லீவு கேட்கவில்லை. தொட்டி மேல் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஏறி, வழக்கத்தைவிடத் தாமதமாக இறங்கினார், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளியிடம் போனேன்.

"அன்னைக்கு ஒரு நாள் நான் பாத்துக்கறேனுங்க. அக்காவ அனுப்பலாமுங்க."

"நீயா? கெழங்க எட போடறவன் மழைய எட போட்டுருவியா?"

நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "சீசன் கடைசி லோடு தம்பி. அன்னைக்குக் களம் பூராவும் சரக்கு கெடக்கும்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "சரி. அந்த அம்மாவும் ஒரு நாள் சாமி கும்புடட்டும்."

முந்தின நாள் சாயங்காலம் அக்கா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "மரத்தப் பாரு சாமி. போனப் பாக்காத."

புதன்கிழமை. விடியற்காலையிலேயே தங்கை மகனின் மொபெட்டில், மடியில் புதுப் பானையை வைத்துக்கொண்டு, பின் சீட்டில் உட்கார்ந்து அக்கா மில் வாசலைத் தாண்டிப் போனார். புதுப் புடவை. பெண்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினார்கள். "ஏனுங்க்கா, எங்களுக்கும் ஒரு கை பொங்கச்சோறு!"

"தூக்குல கொண்டாரேன், போங்கடி! வேலையப் பாருங்க!"

பன்னிரண்டு மணிக்கே ஏறிவிட்டேன். களம் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வெள்ளை. கண் கூசியது. ஒன்றேகால் மணிக்கு மலை உச்சியில் ஒரு கறுப்பு விரல் அகலத்துக்கு எழுந்தது. பனை தெளிவாக இருந்தது. வேம்பு தெளிவாக இருந்தது. தூண்கள் நிழலில்லாமல் நின்றன. நோட்டில் எழுதினேன்.

ஒன்றரைக்கு வேம்படியிலிருந்து புகை எழுந்தது. முதலில் ஒரு நூல், பிறகு நாலைந்து, பிறகு எண்ண முடியாமல். முப்பது அடுப்பாவது இருக்கும். மூன்று வருஷமாக நான் அந்த ஊரை ஒரு மரமாக மட்டுமே பார்த்திருக்கிறேன். இப்போது அங்கே அடுப்பு எரிந்தது.

"அம்மா! ஏழூட்டுல பொகை வருது பாரு!"

பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இரண்டிரண்டு பேராக ஏணியில் ஏறிப் பார்த்தார்கள். செங்காட்டில் பிறந்த ஒரு பெரியம்மா பார்த்துவிட்டு இறங்கவே மாட்டேன் என்றார். "எங்கம்மா சோறாக்குனா இப்படித்தான் தெரியும். மாடு மேய்க்கற எடத்திலிருந்து பாத்துட்டு ஊட்டுக்கு ஓடுவேன்" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, திரும்பவும் பலகைக்குப் போனார்கள். நான் நோட்டில் "1.30, புகை" என்று எழுதினேன். அதன் கீழே ஒரு கோடும் போட்டேன், அழகாக.

புகை தடித்தது. மலைக் காற்றில் சாய்ந்து பரவியது. பனை தெரியவில்லை, புகைக்குப் பின்னால்தானே பனை, மறைக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேம்பும் மங்கியது. ஈர விறகு போட்டிருப்பார்கள், நிறையப் பேர் வந்திருப்பார்கள், அக்கா எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்தச் சாம்பல் நிறத்தை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடினால் பார்க்க முடியும். கீழ்ப்பாதி புகை; மேல்பாதி மழை. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருந்திருக்க வேண்டும். மரத்தைப் பார் என்று சொல்லித்தான் போனார். மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்காட்டுத் தூண்கள் மறைந்தன.

செங்காட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

"செங்காடு!" என்று கத்தினேன். "செங்காடு போச்சு!"

பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கரடிமடை சொல்லவில்லை, ஏழூடு சொல்லவில்லை, எடுத்தவுடனே எப்படிச் செங்காடு? தம்பிக்கு அக்கா மாதிரி கத்திப் பார்க்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். என் அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாத்தான்டி சொல்றான்! குமிங்கடி!"

இருபது நிமிஷ வேலைக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை. தொட்டியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கையில் தழும்பு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு குவித்திருப்போம். முதலில் புழுதிக் காற்று வந்து ஒரு படுதாவைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு கல். சிமெண்டுத் தரையில் ஆலங்கட்டி விழுந்து துள்ளியது. எது கல், எது சேகோ என்று தெரியவில்லை. அப்புறம் மழை.

அந்த மழைக்குள்ளிருந்து அக்கா வந்தார்.

ஓடி வந்தார். ஐம்பது வயசுக்கு மேலான பெண், புதுப் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல். அங்கே வேம்படியில் நின்றபடியே கரடிமடைப் பனை மறைவதைப் பார்த்திருக்கிறார். இங்கிருந்து நான் பார்த்தால் நடுவில் புகை இருக்குமே என்பது அவருக்கு அந்த நிமிஷமே உறைத்திருக்கிறது. போன் செய்யச் சொன்னால் அங்கே டவர் இல்லை. தங்கை மகனைத் தேடிப் பிடித்து மொபெட்டில் ஏறியிருக்கிறார். பாதி வழியில் கருவேல முள் குத்திச் சக்கரம் போயிற்று. அங்கிருந்து ஓட்டம். மழை பின்னாலேயே வந்து, செங்காட்டில் பிடித்து, அவரை முந்திவிட்டது.

வந்தவர் படுதாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். அந்தப் படுதாவுக்கு அடியில் மூட ஒன்றும் இல்லை. ஆனாலும் மூடினோம்.

மழை விட்டபோது மில் வாசலிலிருந்து சாலை வரை பால் ஓடியது. வெயில் வந்து அதன் மேல் பளபளத்தது. அக்கா களத்தின் திண்டில் உட்கார்ந்து பாதத்தில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"பொகையில மறஞ்சிருச்சு, இல்ல?" என்றார்.

"ஆமாங்க்கா."

"நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்."

அது பொய். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"பொங்குச்சாங்க்கா?" என்று கேட்டாள் என் அம்மா.

"கெளம்பறப்ப நுரை கட்டியிருந்துச்சு."

பிறகு தங்கை மகன் பஞ்சரான மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவன் போன், டவர் கிடைத்ததும் அடித்தது. வேம்படியிலிருந்து கிளம்பி வந்த யாரோ பேசினார்கள். இவர்கள் ஓடையைத் தாண்டுவதற்குள்ளேயே அக்காவின் பானை பொங்கிவிட்டதாம், மலைப் பக்கமாகவே வழிந்ததாம், எல்லோரும் குலவை போட்டார்களாம். அதற்கப்புறம்தான் மழை வந்து அடுப்பெல்லாம் அவிந்ததாம். அவன் அப்படியே சொன்னான். அக்கா முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சோறு?"

"மழத்தண்ணி விழுந்துருச்சாம் பெரீம்மா."

பொழுதோடு முதலாளி வந்தார். களத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எஞ்சியதைக் கையால் அள்ளிப் பிசைந்து பார்த்தார். நான் தலை குனிந்து நின்றேன். என்னை அவர் பார்க்கவே இல்லை.

அக்காதான் முதலில் பேசினார். "என்ற கூலியில புடிச்சுக்குங்க. அவன் சின்னப் பையனுங்க."

"மழைக்கெல்லாம் யாரு கூலியப் புடிப்பாங்க?" என்றார் முதலாளி. அப்புறம் கையைத் தட்டி மாவை உதறிவிட்டு, "இவ்வளவு செலவாகும்னு தெரிஞ்சிருந்தா உங்க அம்மன்கிட்ட வேற தேதி கேட்டிருப்பேன்" என்றார். அவருக்குச் சிரிக்க வரவில்லை. எங்களுக்கும் வரவில்லை.

அடுத்த பங்குனிக்குள் கம்பிவேலி வந்துவிட்டது. வேம்பை வெட்டினார்கள். அம்மன் கல் சாலை ஓரத்துக்கு வந்து, அதற்குத் தகரக் கொட்டகை போட்டார்கள். வேம்பு இல்லாமலும் அக்கா இரண்டு வருஷம் தொட்டி மேல் உட்கார்ந்தார். பனைக்கும் தூணுக்கும் நடுவே வெறும் வெளியைப் பார்த்து, நேரம் தப்பாமல், "ஏழூடு போச்சு" என்று கத்தினார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நோட்டு போடுவதையும் விட்டிருந்தேன்.

இப்போது நான் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்து வேலை. அக்கா ஆத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். போன பங்குனியில் பார்க்கப் போயிருந்தேன். முழங்கால் முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து, தங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு எத்தனை செலவு, எத்தனை வாண வேடிக்கை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

"வேணும்னா இந்தத் தம்பியக் கேட்டுப் பாருங்க. எங்க ஊரு ஏழே ஏழு ஊடுதான். ஒருநாப் பொங்கலுக்கு எங்களுக்கு என்ன செலவாச்சுன்னு நெனைக்கறீங்க? ஒரு கை சோறுகூட நான் திங்கல. முப்பத்திரண்டு மூட்டை சேகோ. சொல்லு சாமி, மொத்தமா எவ்வளவு?"

சொன்னேன். ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாய்.